அன்றைய நாளின் விலை: வராகன் முதல் திர்ஹம் வரை நம்மூர் கண்ட நாணய மாற்று

 

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வெளிநாட்டுப் பணம் எட்டாத தெரு அரிது. வளைகுடாவிலிருந்து திர்ஹமும் ரியாலும் வருகின்றன. பிரான்சிலிருந்து ஓய்வூதியமாக யூரோ வருகிறது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வருகிறது. வந்த பணம் ரூபாயாக மாறும் இடத்தில்தான் கேள்விகள் எழுகின்றன. "இன்றைக்கு என்ன ரேட்?" என்பது அவற்றுள் எளியது. "அன்று கொடுத்த கடனை எந்த ரேட்டில் திருப்புவது?" என்பது கடினமானது; உடன்பிறந்தோரைப் பேச்சற்றவர்களாக ஆக்குவதும் அதுவே. நம் பகுதியின் வரலாற்றையும் மார்க்கத்தின் போதனையையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கும்.

வராகனும் பணமும் ரூபாயும்

இன்று நாம் பொதுச்சொல்லாகக் கூறும் 'பணம்' ஒரு காலத்தில் குறிப்பிட்ட ஒரு நாணயத்தின் பெயர். வராகன், பணம், துட்டு, காசு ஆகிய யாவும் தனித்தனி நாணயங்கள். ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலீ கானிடமிருந்து 1736-இல் புதுச்சேரி ஆளுநர் துய்மா ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். பிரெஞ்சுக் கம்பெனியின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட அந்த வெள்ளி ரூபாயில் பிரான்ஸ் மன்னரின் பெயர் இல்லை. முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். பின்னர் 1749-இல் சந்தா சாகிப் வழங்கியதன் மூலம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன.

பல நாணயங்கள் புழங்கிய ஊரில் அவற்றை மாற்றித் தர ஆள் வேண்டும். அவரே சராப்பு. அச்சொல் 'ஸர்ராஃப்' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். நாணய மாற்றை ஃபிக்ஹு நூல்கள் 'ஸர்ஃபு' என்றே அழைக்கின்றன. நாணயத்தை உரைத்து, நிறுத்து, தேய்மானத்திற்கும் தம் உழைப்பிற்குமாக அவர் கழித்துக்கொண்டதற்கு 'வட்டம்' என்று பெயர். இன்றைய எக்ஸ்சேஞ்ச் நிலையங்கள் சந்தை விலைக்கும் நமக்குத் தரும் விலைக்கும் இடையே வைக்கும் வேறுபாடும் அந்த வட்டமே. அன்று அது கண்ணெதிரே கழிக்கப்பட்டது. இன்று 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியின் இறுதிக் காலம் வரை இந்த வழக்கம் முழுதும் மறையவில்லை. 1923 முதல் பிரெஞ்சிந்திய அஞ்சல் தலைகளில் விலை பிராங்கில் அன்றி, 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கிலேயே குறிக்கப்பட்டது.

சைகோன் வழி வந்த பியாஸ்தர்

பிரான்ஸ் 1862-இல் கொச்சின்சீனாவைக் கைப்பற்றியபின் புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்குச் சைகோன் துறைமுகம் திறந்தது. சிலர் அரசு அலுவலராகவும் படைவீரராகவும் சென்றனர். சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் துணிக்கடைகள் வைத்தனர். 1935-இல் எழுந்த சைகோன் மையப் பள்ளிவாசல் அவர்களது வாழ்வின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. 1875-இல் பாரிசில் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி தன் தொடக்கக் கிளைகளைச் சைகோனிலும் புதுச்சேரியிலும் அமைத்தது.

அங்குப் புழங்கிய நாணயம் பியாஸ்தர். அது வெள்ளியைச் சார்ந்து இருந்தவரை உலகச் சந்தையில் வெள்ளி ஏறினால் ஏறியது. வெள்ளி விழுந்தால் விழுந்தது. 1930-இல் ஒரு பியாஸ்தருக்கு 10 பிராங்க் என்று நிலைநிறுத்தப்பட்டது. 1945 டிசம்பரில் அது 17 பிராங்காக உயர்த்தப்பட்டது. ஆனால், சந்தையில் அதன் உண்மை மதிப்போ அதில் பாதியளவே. அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் சந்தையில் மலிவாகப் பியாஸ்தர் வாங்கி, அரசு விலையில் பிராங்காக மாற்றிப் பெருஞ்செல்வம் ஈட்டினர். 'பியாஸ்தர் ஊழல்' எனப் பிரான்சையே உலுக்கிய விவகாரம் அதுதான். இறுதியில் 1953 மே 11-ஆம் நாள் விலை மீண்டும் 10 பிராங்காகக் குறைக்கப்பட்டது. முந்திய நாள் வரை 100 பியாஸ்தர் அனுப்பினால் 1,700 பிராங்க். மறுநாள் 1,000 பிராங்க். பிராங்கின் வழியே கணக்கிட்ட உழைப்பாளியின் சேமிப்பு ஓரிரவில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஊழலில் பங்கு கொண்டவர் சிலர். வீழ்ச்சியைச் சுமந்தவர் எல்லோரும்.

அதனினும் கொடிய நாள் பின்னர் வந்தது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய அரசு 500 பழைய டாங்கிற்கு ஒரு புதிய டாங்க் என்று, அதையும் ஒரு வரம்பு வரையே, மாற்றிக் கொடுத்தது. நாணயத்தாளைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் கையில் காகிதமே மிஞ்சியது.

வளைகுடாவில் நம் ரூபாய்

வளைகுடாவிற்குச் செல்லும் இளைஞர்கள் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. குவைத், பஹ்ரைன், கத்தர், இன்றைய ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய பகுதிகளில் ஒரு காலத்தில் இந்திய ரூபாயே நாணயமாகப் புழங்கியது. ரூபாய் அங்குச் சென்று, அதற்கு ஈடாகத் தங்கம் கள்ளத்தனமாக இந்தியாவிற்குள் வந்ததால், நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவிற்கெனத் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. ஹாஜிகளுக்கெனவும் 10 ரூபாய், 100 ரூபாய் 'ஹஜ் நோட்டுகள்' வெளிவந்தன. இந்தியாவிற்குள் செல்லாத அத்தாள்களுடன்தான் அக்கால ஹாஜிகள் புனிதப் பயணம் மேற்கொண்டனர்.

குவைத் 1961-இல் தன் தீனாரையும், பஹ்ரைன் 1965-இல் தன் தீனாரையும் கொண்டுவந்தன. 1966 ஜூன் 6-ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாய் ஆயிற்று. வளைகுடா ரூபாயும் உடன் வீழ்ந்தது. கத்தரும் துபாயும் அதைக் கைவிட்டுப் புதிய ரியாலுக்கு மாறின. அமீரக திர்ஹம் 1973-இல் பிறந்தது.

புதுச்சேரியோ இதற்குள் வேறொரு நாட்டின் பகுதியாகிவிட்டது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. எனினும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் ஓய்வூதியம் பிராங்கில் தொடர்ந்தது. 1960-இல் 100 பழைய பிராங்க் ஒரு புதிய பிராங்க் ஆனது. பின்னர் 6.55957 பிராங்க் ஒரு யூரோ என்ற கணக்கில் யூரோ வந்தது. ஒரே வீட்டில் தாத்தாவின் கணக்கு பிராங்கிலும், மகனின் கணக்கு ரூபாயிலும், பேரனின் கணக்கு திர்ஹமிலும் ஓடியது.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு மீண்டும் இருமுறை குறைக்கப்பட்டது. 1993 மார்ச் முதல் அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் கட்டப்பட்டுள்ளன. எனவே, திர்ஹம் 'ஏறியது' என்று நாம் சொல்லும்போது, உண்மையில் டாலருக்கு எதிரே ரூபாய் இறங்கியிருக்கிறது.

மார்க்கம் கேட்கும் மூன்று கேள்விகள்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மக்களுக்கெனத் தனி நாணயம் இல்லை. ரோமரின் தங்க தீனாரும் பாரசீகரின் வெள்ளி திர்ஹமும் புழங்கின. முஸ்லிம்களின் சொந்த நாணயம் கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 77-ஐ ஒட்டியே நிலைபெற்றது. ஆகவே, மாற்று விலையின் ஏற்ற இறக்கம் ஸஹாபாக்களுக்கு அன்றாட அனுபவம். தொடக்கத்தில் தியத் எனும் இழப்பீடு 800 தீனார் அல்லது 8,000 திர்ஹமாக இருந்தது. ஒட்டக விலை உயர்ந்தபோது உமர் (ரலி) அவர்கள் அதை 1,000 தீனார் அல்லது 12,000 திர்ஹம் என வகுத்தார்கள். தீனாருக்குப் பத்து திர்ஹம் என்ற கணக்கு பன்னிரண்டாக மாறியதை இதில் காண்கிறோம்.

ஒருமுறை தல்ஹா (ரலி) அவர்கள் ஒருவரிடம் 100 தீனாரை வாங்கிக்கொண்டு, தம் கணக்கர் வந்ததும் வெள்ளி தருவதாகக் கூறினார்கள். அருகிலிருந்த உமர் (ரலி) அவர்கள், பெற வேண்டியதைப் பெறாமல் அவரைவிட்டுப் பிரியக் கூடாது என்று அம்மனிதருக்கு உறுதியாகச் சொன்னார்கள். தல்ஹா (ரலி) அவர்களோ சுவனத்திற்கு நன்மாராயம் கூறப்பட்டவர்களுள் ஒருவர். அவர்களது நேர்மையை யாரும் ஐயுறவில்லை. ஆனாலும், நாணய மாற்றில் தவணை கூடாது என்பதே சட்டம்.

மற்றொரு நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃ பகுதியில் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்றுவிட்டுத் திர்ஹமாகப் பெற்றுக்கொள்வார்கள். சில வேளை இதற்கு மாறாகவும் செய்வார்கள். இதுபற்றிக் கேட்டபோது, அன்றைய நாளின் விலைக்கே பெற்றுக்கொண்டு, இருவருக்கும் இடையே பாக்கி எதுவும் இன்றிப் பிரிந்தால் தவறில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

இவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பவை மூன்று கேள்விகள்: எந்த நாளின் விலை? கைமாற்றம் முடிந்ததா? இடையே பாக்கி உண்டா? காகித நாணயத்திற்கும் இச்சட்டமே பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986-இல் அறிவித்தது. வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைப்பற்றியதாகவே கருதப்படும் என்று 1990-இல் தெளிவுபடுத்தியது.

கடனின் நாணயம் எது?

அண்ணன் துபாயிலிருந்து தம்பிக்கு 10,000 திர்ஹம் கடன் கொடுக்கிறார். அன்று ஒரு திர்ஹம் 18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தம்பி திருப்பும் நாளில் அது 23 ரூபாய். தம்பி 1,80,000 ரூபாய் என்கிறார். அண்ணன் 2,30,000 ரூபாய் என்கிறார். யார் கூற்று சரி?

கடன் திர்ஹமாகக் கொடுக்கப்பட்டிருந்தால், கடன் 10,000 திர்ஹமே. ரூபாயில் திருப்ப இருவரும் திருப்பும் நாளில் இசைந்தால், அந்த நாளின் விலைப்படி 2,30,000 ரூபாய். இதில் வட்டி இல்லை. ஆனால், அண்ணன் தம் திர்ஹமைத் தாமே மாற்றி, 1,80,000 ரூபாயைக் கடனாகக் கொடுத்திருந்தால், கடன் ரூபாயிலேயே நிற்கும். திர்ஹம் ஏறியது என்று கூறி ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்பதும் ஆகாது. ரூபாயின் மதிப்பு தேய்ந்துவிட்டது என்பதும் காரணமாகாது; கடன் அதன் அளவிலேயே திருப்பப்பட வேண்டும் என்பது அதே அகாடமியின் 1988-ஆம் ஆண்டுத் தீர்மானம்.

எனவே, சச்சரவு திருப்பும் நாளில் பிறப்பதில்லை. எழுதாமல் விட்ட நாளில் பிறக்கிறது. கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. தொகையை மட்டுமன்றி, எந்த நாணயம் என்பதையும் எழுதுங்கள். இரு வரி போதும். இரு குடும்பங்கள் காக்கப்படும்.

நல்ல விலை பெற

ஹலாலாக ஈட்டிய பணத்திற்கு நல்ல விலை தேடுவது பேராசை அன்று, அமானிதத்தைப் பேணுவதாகும். ரேட்டை மட்டும் பாராது, வீட்டில் வந்து சேரும் ரூபாயைக் கணக்கிடுங்கள். ஒரு நிலையம் கட்டணமின்றி 22.60 ரூபாய் தருகிறது. மற்றொன்று 15 திர்ஹம் கட்டணம் கொண்டு 22.80 தருகிறது எனக் கொள்வோம். 1,000 திர்ஹம் அனுப்பினால் முதலாவதில் 22,600, இரண்டாவதில் 22,458 ரூபாய். 5,000 திர்ஹம் அனுப்பினாலோ முதலாவதில் 1,13,000, இரண்டாவதில் 1,13,658 ரூபாய். சிறு தொகைக்கு முதலாவதும் பெருந்தொகைக்கு இரண்டாவதும் நன்று. சிறுகச் சிறுக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் தின்னும்.

உம்ரா செல்வோர் விமான நிலையத்தில் மொத்தத் தொகையையும் மாற்ற வேண்டாம். அங்கு வட்டம் அதிகம். முன்னதாகவே உரிமம் பெற்ற இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, ரியாலிலா என்று கேட்டால் ரியாலையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் விலையை நிர்ணயிப்பவர் அந்தக் கடைக்காரரின் வங்கியாக இருப்பார்.

உண்டியலைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஓர் ஊரில் கொடுத்து மற்றோர் ஊரில் பெறும் 'ஸுஃப்தஜா' முறையை ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது நம் மரபிற்குப் புதியதன்று. ஆனால், இன்று உரிமமின்றி நடக்கும் உண்டியல் இந்த நாட்டின் சட்டத்திற்கு மாறானது. பணம் வராவிட்டால் முறையிட இடமில்லை. வந்தாலும் எவர் பணம் எதற்காகக் கைமாறியது என்று அறிய இயலாது. சில காசுகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகக் குடும்பத்தையே வழக்கில் நிறுத்துவது நல்ல பேரமா?

இன்னொன்று, ரேட் ஏறட்டும் என்று மாதச் செலவுப் பணத்தைத் தாமதிக்காதீர்கள். மனைவி மக்களின் நஃபகா கடமை. சந்தை அதற்கு உரிய நேரத்தைத் தீர்மானிக்க முடியாது. பாகூரில் அரிசிக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்கும் தாய்க்கு, அடுத்த வாரம் கிடைக்கக்கூடிய பத்துக் காசு ஏற்றத்தால் பயனில்லை. ஜகாத் கணக்கிலும் கடமையான நாளின் விலையையே கொள்ளுங்கள். இறங்கும் நாளுக்காகக் காத்திருப்பது ஏழையின் உரிமையைக் குறைப்பதாகும்.

நவாபின் பெயரால் வந்த ரூபாய் போயிற்று, பியாஸ்தர் போயிற்று, வளைகுடா ரூபாயும் பிராங்கும் போயின. இன்று கையிலிருப்பவையும் நிலையானவை அல்ல. நாணயம் மாறினாலும் 'நாணயம்' என்று தமிழில் நேர்மைக்கும் வழங்கும் அந்தப் பண்பு மாறலாகாது. நம் கொடுக்கல் வாங்கலில் பாக்கியின்றிப் பிரியும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.