காரின் சிவப்பு விளக்கும் அதன் வரலாறும்

காரை ஓட்டிச் செல்லும்போது முகப்புப் பலகையில் பேட்டரி வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நேரே கடைக்குச் சென்று புதியதொன்றை வாங்கி மாட்டுகிறோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ கார் மீண்டும் வழியில் நின்றுவிடுகிறது. காசும் போய், காரியமும் கெடுகிறது. அந்த விளக்கு எதற்காகத் தோன்றியது என்னும் வரலாற்றை அறிந்தால் இந்த வீண் செலவு நேராது.

தொடக்க காலக் கார்களில் இந்த விளக்கிற்கு வேலையே இல்லை. முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் இயந்திரத்தை இயக்கினார்கள். கைப்பிடி திடீரெனப் பின்னோக்கி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரியை பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தார். ஆயினும், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகுதான் பேட்டரிக்குக் காரில் நிலையான இடம் கிடைத்தது.

இடம் கிடைத்ததும் புதியதொரு சிக்கலும் வந்தது. பேட்டரி மின்சாரத்தைச் சேமிக்கும் குதிரே தவிர, விளைக்கும் வயலன்று. எடுத்ததை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். அந்தப் பணிக்கு டைனமோ வந்தது. அது ஒழுங்காக நிரப்புகிறதா என்பதைக் காட்ட, ஓட்டுநர் முன்னால் ஆம்பியர் மானி வைத்தார்கள். முள் அசைவதைப் பார்த்துப் பொருள் கொள்ள எல்லாராலும் முடியவில்லை. ஆகவே அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் 1930களில் மானிக்குப் பதிலாக விளக்கை வைத்தது. மானியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இதனை 'முட்டாள் விளக்கு' என்று எள்ளினார்கள். நம் கருத்தில் அந்தப் பெயர் பொருந்தாது. அந்த விளக்கின் அமைப்பில் நல்ல அறிவு இருக்கிறது.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் சம பலமானால் கயிறு நகராது. விளக்கின் ஒரு முனை பேட்டரிப் பக்கமும் மறுமுனை டைனமோப் பக்கமும் இணைந்திருக்கின்றன. டைனமோ ஓய்ந்திருந்தால் பேட்டரியின் மின்சாரம் விளக்கின் வழியே பாயும், விளக்கு எரியும். இரண்டின் மின்னழுத்தமும் சமமானால் மின்சாரம் பாயாது, விளக்கு அணையும். ஆக, இது பேட்டரியின் உடல்நிலையைச் சொல்வதன்று. பேட்டரிக்கு உணவு வரவில்லை என்பதைச் சொல்வது.

மோரிஸ் மைனர் வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால், சாலைச் சந்தியில் நிற்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரியும் என்பார்கள். அது பழுதன்று. இயந்திரம் மெதுவாகச் சுழல்கையில் டைனமோவால் போதிய மின்சாரம் தர இயலாது. சிலிக்கன் டையோடுகள் மலிவானதும் இக்குறை நீங்கியது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1960ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வந்தது. மெல்லச் சுழன்றாலும் போதிய மின்சாரம் தரும் கருவி அது. ஆகவே ஆல்டர்னேட்டர் பூட்டிய காரில் இயந்திரம் ஓடும்போது விளக்கு எரிந்தால் அது பழுதேதான்.

கருவி மாறியது; பழக்கம் மாறவில்லை. டைனமோ காலத்தில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் பட்டறைகளில் இருந்தது. ஆல்டர்னேட்டரில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகள் கருகலாம். இன்றைய கார்களின் கணினியும் பழுதாகலாம். இந்தச் சோதனையை யார் செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

சரி, விளக்கு எரிந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? வெப்பமானியைப் பாருங்கள். பல கார்களில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சிறிது தூரத்திலேயே இயந்திரம் கொதித்துவிடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்த பிறகே மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால், ஏர்கோண்டையும் வானொலியையும் அணைத்துவிட்டு, அருகிலுள்ள பட்டறைக்குச் செல்லலாம்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கிப் பூட்டுங்கள். அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பிறகு வோல்ட் மானி வைத்துப் பாருங்கள். இயந்திரம் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12க்கு இறங்கிக்கொண்டே போனால் குற்றம் பேட்டரியில் அன்று. ஆல்டர்னேட்டரின் கரித்துண்டு தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது கம்பி விட்டிருக்கலாம். 15க்கு மேல் ஏறினாலும் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சாவியைத் திருப்பியதும், இயந்திரம் இயங்குமுன் இந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரம்தான் அதனை எழுப்பிவிடும். பல்பு கருகினால் ஆல்டர்னேட்டரும் எழாமல் போகலாம், எச்சரிக்கையும் வராது. காலையில் சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு ஒளி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.