உண்டியல் ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை

கைபேசியில் ஒரு இணைப்பு வருகிறது. ஒரு நோயின் ஆராய்ச்சிக்கு நூறோ இருநூறோ கேட்கிறார்கள். விரலால் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். க்ரவுட்ஃபண்டிங் என்பது புதுப் பெயர்தான். இன்னும் உருவாகாத ஒன்றுக்குப் பலர் சேர்ந்து முன்பணம் கட்டும் வழக்கத்துக்கு வயது முந்நூறுக்கும் மேல்.

முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் புத்தகக்காரர்கள். 1713இல் லண்டனில் கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹோமரின் இலியட்டை மொழிபெயர்க்க முன்கூட்டியே சந்தா திரட்டினார். கொடுத்தவர்களின் பெயர்கள் நூலின் முகப்பில் அச்சாயின. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் இதே வழியில்தான். அவர் காலத்தில் அதற்குக் கையொப்பம் வாங்குதல் என்று பெயர்.

1885இல் நியூயார்க்கில் இன்னொரு சிக்கல். பிரான்ஸ் அனுப்பிய சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லை. எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் பெயர் போடுவேன் என்று ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் அறிவித்தார். ஐந்தே மாதத்தில் 1,20,000 பேருக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு.

அதே ஆண்டு ஜூலையில் பாரிஸில், வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தன் தடுப்பூசியைப் போடவைத்தார். பையன் பிழைத்தான். அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு நிலையத்துக்காக உலகெங்கும் வசூல் தொடங்கியது. ரஷ்யப் பேரரசரும் கொடுத்தார், ஏழைத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 20 லட்சம் பிராங்குக்கு மேல் சேர்ந்தது. அவன் ஊர்ப் பகுதியான அல்சேஸிலிருந்து வந்த பட்டியலில் சிறுவன் மைஸ்டரின் பெயரும் இருந்தது! 1888இல் திறந்த அந்த நிலையத்திலேயே பின்னாளில் அவர் வாயில்காப்பாளரானார்.

அமெரிக்கா இதைச் சில்லறைக் காசுக்கு இறக்கியது. 1938இல் நகைச்சுவை நடிகர் எடி கேன்டர், போலியோ ஒழிப்புக்கு ஆளுக்கொரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார். அப்போது திரையரங்குகளில் ஓடிய 'மார்ச் ஆஃப் டைம்' (Time) செய்திப்படத்தின் பெயரைச் சற்றே மாற்றி 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' (Dimes) என்று பெயரிட்டார். தபால் மூட்டைகள் குவிந்தன. போலியோ தாக்கியிருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் முகம் 1946இல் அதே நாணயத்தில் ஏறியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1945 மே 1. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரங்களுக்கு நடுவே சில வரிகள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளவும். கொடுத்தவர் சில்வியா லாரி. நரம்புகளின் மேலுறையைத் தன் உடலே அரித்துவிடும் அந்த நோய் அவர் தம்பி பெர்னார்டைப் பிடித்திருந்தது. 1868இலேயே பாரிஸ் மருத்துவர் சார்க்கோ அதை விவரித்துவிட்டார். மருந்து மட்டும் வரவில்லை. விளம்பரத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. குணமானவர் ஒருவரும் இல்லை. ஏதாவது தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பதில் கிடைக்காத அந்தக் கடிதக்காரர்களிலிருந்தே 1946இல் ஒரு சங்கம் பிறந்தது. அதன் தொடக்கக் கால நிதி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபட்டுக்குப் போனது. நோயாளிகளின் தண்டுவட நீரில் காமா குளோபுலின் என்ற புரதம் கூடுதலாக இருப்பதைக் கண்டவர் அவர். இன்றும் நோயை உறுதிசெய்ய, முதுகில் ஊசி போட்டு எடுத்த சில துளி நீரில் அதன் தடயத்தைத் தேடுகிறார்கள்.

இதைப் பார்த்துச் செய்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1953இல் பிரிட்டனில், மனைவிக்கு இந்நோய் வந்த ரிச்சர்ட் கேவ் ஒரு சங்கம் தொடங்கினார். பின்னர் பல நாடுகளில் பிள்ளைகள் படித்த புத்தகக் கணக்குக்குக் காசு கேட்டார்கள், பெரியவர்கள் சைக்கிள் மிதித்த தூரத்துக்குக் கேட்டார்கள். நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். பெர்னார்ட் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

2009இல் இத்தாலியின் பாவ்லோ ஸம்போனி, கழுத்துச் சிரைகளின் அடைப்பே இந்நோய்க்குக் காரணம், பலூன் விட்டு விரிக்கலாம் என்றார். அவர் மனைவிக்கும் அதே நோய். செய்தி தீயாகப் பரவியது. கனடா நோயாளிகள் பணம் திரட்டி போலந்துக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். அவர்களின் நெருக்குதலில் அமெரிக்க, கனடா சங்கங்கள் 2010இல் ஏழு ஆய்வுகளுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கின. பின்னர் கனடாவில் ஒரு சோதனையும் நடந்தது. 104 நோயாளிகள் முன்வந்தார்கள். எல்லோருக்கும் சிரைக்குள் குழாய் நுழைக்கப்பட்டது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டுமே பலூன் விரிந்தது. யாருக்கு விரிந்தது என்று தெரியாமலே கிட்டத்தட்ட ஓராண்டு காத்திருந்தார்கள். 2017இல் முடிவு வந்தது: இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை.