கங்காணி பார்த்துச் சொன்ன கண்டிச் சீமை

சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எங்கள் பக்கத்துச் சம்சாரி மாடு வாங்கமாட்டார். பெண் கொடுப்பதென்றால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா, படப்பில் வைக்கோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அங்கே கை நனைப்பார். இவ்வளவு சூதானமான ஜனம், கடல் தாண்டிக் குடும்பத்தோடு குடியேறும்போது மட்டும் அந்த நாட்டைத் தானே போய்ப் பார்க்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பார்த்து வந்து சொன்னார். இவர்கள் மூட்டை கட்டினார்கள். மதுரைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதையில் என்னை நெடுநாளாக உறுத்துவது இதுதான்.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1830-களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. காப்பிக்குப் பழம் பறிக்கிற மாதங்களில்தான் ஆள் அதிகம் வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாகப் போய்ப் பறித்துக் கொடுத்து, கூலியை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். இராமநாதபுரம் கடற்கரை வரை நடை, மன்னாருக்குத் தோணி, அப்புறம் வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு மறுபடி நடை. வழியில் காலராவுக்குச் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் பிழைத்து வந்தவர் நாட்டைச் சொந்தக் கண்ணால் பார்த்திருந்தார். அடுத்த வருஷம் போவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம்.

1869-இல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. பதினைந்து இருபது வருஷத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். குடும்பமாகப் போய் அங்கேயே தங்குவது இதனால்தான் பெருகியது. இங்கேயும் நிலைமை தள்ளிவிட்டது. 1876-இல் தாது வருஷப் பஞ்சம். கண்மாய் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் கடன் என்று இருந்த சமவெளி இது. 1895-இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் கால்வாய் எட்டிய மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. எட்டாத மேட்டுக்காடு வானத்தைப் பார்த்தே கிடந்தது.

அப்படிப்பட்ட திருமங்கலத்து மேட்டுக்காட்டு ஊர்தான் எங்களுடையது. மந்தையில் கங்காணி வந்து இறங்கியதை அப்பத்தா கண்ணால் கண்டவள். தலைப்பாகை, வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, வெள்ளிப் பூண் போட்ட தடி. சில வருஷம் முன்பு அதே தெருவில் கோவணத்தோடு ஆடு மேய்த்த ஆள். "மேகமே வாசல்ல வந்து நிக்கும் ஆத்தா, தண்ணிக்கு எதுக்குக் குடம் தூக்கணும்?" என்றாராம் அப்பத்தாவின் அம்மாவிடம். அது எலும்பைக் குடையும் குளிர் என்று போன பிறகுதான் தெரிந்தது. காலில் ஏறும் அட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. தோட்டத்திலேயே அரிசி கிடைக்கும் என்றார். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. கம்பளி தருவார்கள் என்றார்; அதுவும் பற்றுக் கணக்கில் ஏறியது. வீட்டுக்கு வாடகை இல்லை என்றார். அது மெய். லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. வேலையை விட்டால் அந்த அறையும் இல்லை. அப்பத்தாவின் அண்ணன் அவரோடு போனார்.

சொன்னவர் அந்நியரல்ல என்பதுதான் இதில் நுணுக்கம். சில்லறைக் கங்காணி தன் பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும்தான் கூட்டிப் போவார். அவருக்கு மேலே பெரிய கங்காணி. தோட்டத்தை நடத்தும் துரை கொடுக்கும் முன்பணத்தில் ஊர்க் கடனை அடைத்து வழிச்செலவு பார்த்தார்கள். அத்தனையும் போகிறவர் பேரில் கடன். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக்காசு உண்டு. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். பாக்கி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதைப் புதுத் துரை அடைத்தால்தான் ஆள் நகரலாம். பிஜிக்குப் போனவர்களைப் போல ஐந்து வருஷ ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடையாது. சட்டப்படி ஒரு மாதம் முன்னே சொல்லிவிட்டு விலகலாம். கடன்தான் காலைக் கட்டியது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் பயணம் சுலபமாயிற்று. மதுரையில் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். நடுவே மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கல். தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள். துண்டு 1921-இல் ஒழிந்தது. 1922-இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்றாயிற்று.

அந்தக் காலத்தில்தான் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர், வெளியாள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேஷத்தில் புகுந்தார். பின்னர் தொழிற்சங்கம் கட்டி, சட்டசபை வரைக்கும் போனார். ஆள் பிடிப்பதில் பைசா லாபமில்லாத ஒருவர் போய்ப் பார்த்து வெளியே சொன்னதை இங்கே முன்கூட்டியே கேட்டிருந்தால் எத்தனை பேர் தயங்கியிருப்பார்களோ!

அதற்காகக் கங்காணியை வைதுவிட்டு எழுந்துபோக எனக்கு மனசில்லை. போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதியார்; ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி விட முடியாதவர்கள். 1929-இல் மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது. அது சொற்பக் காசுதான். ஆனால் இங்கே பண்ணையாள் கூலியை எந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது? கங்காணி பாதியை மறைத்தார் என்றால், மீதிப் பாதி உண்மையே கிளம்புவதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிலைமையில் இருந்தது ஊர்.

1939-இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் போவதைத் தடுத்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் இப்படிக் குடியேறிய மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் அப்பத்தாவின் அண்ணன் பேத்தியும் ஒருத்தி. மலையில் பிறந்து கொழுந்து எடுத்தவளுக்குத் திருமங்கலத்து வெயில்தான் வெளிநாடு. இந்தத் தடவை நாட்டைப் பார்த்துச் சொல்லக்கூட ஒரு கங்காணி இல்லை.

இன்று எங்கள் தெருப் பையன்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். ஏஜெண்ட் செல்போனில் அறையைக் காட்டுகிறார், வாடகை இல்லை என்கிறார், செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்விதான் கேட்கச் சொல்கிறேன்: என்னை அனுப்பினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? நான் வேலையை விட்டால் அந்த அறை எத்தனை நாள் எனக்கு?