பறவைக் குலமும் அதன் பெயரும்

பழைய தில்லியில் ஜும்மா மசூதியைச் சூழ்ந்த தெருக்களில் மாலையில் நின்று மேலே நோக்கினால், மாடிகளின் மீது புறாக்கள் வட்டமிடக் காண்கிறோம். அக்பர் (1556–1605) 20,000 புறாக்களுக்குக் குறையாமல் வளர்த்தார் என்றும், இனங்களைக் கலந்து அவற்றை வியக்கத்தக்கவாறு மேம்படுத்தினார் என்றும் அபுல் பசல் எழுதிவைத்தார். 1859-இல் வெளியான தம் பெருநூலில் டார்வின் இச்செய்தியை எடுத்தாண்டார். அக்பர் பெரிதும் ஆக்ராவிலும் லாகூரிலும் வாழ்ந்தவர். ஆகவே தில்லிவாசிகளாகிய நாம் முழு உரிமை கொண்டாடுதல் இயலாது!

இனிக் கோழிக்கு வருவோம். 'அசீல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கலப்பற்ற குலத்தது என்பது பொருள். ஆனால் அவ்வினத்தின் உட்பிரிவுப் பெயர்களோ பெரும்பாலும் நிறத்தையே சுட்டுவன: பீலா பொன்சிவப்பு, காகர் கறுப்பு, டீக்கர் பழுப்பு. நம் தென்னாட்டிலும் காகம், கீரி, வல்லூறு, மயில் என்றே சேவலை அழைப்பர். கிளிமூக்கு, விசிறிவால் என்பன உருவத்தால் வந்தவை. அழகிய பெயர்கள், ஆயினும் குருதிவழியைக் கூறுவன அல்ல. ஒரே பெட்டை அடைகாத்துப் பொரித்த தன் குஞ்சுகளுள் ஒன்று காகமாகவும் மற்றொன்று கீரியாகவும் வளரலாம். அவை உடன்பிறப்புகள். அயலூர்க் காகமோ இக்காகத்திற்கு உறவே அன்று.

குருதிவழியை நிலைநிறுத்துவோர் நல்ல சேவலை அதன் மகளோடு இணைப்பர். பிறக்கும் குஞ்சில் முக்கால் பங்கு அச்சேவலின் குருதியே. குணம் உறுதிப்படும். ஆனால் தலைமுறைதோறும் இதையே செய்தால் பொரிப்புக் குறையும், குஞ்சும் நலியும். ஆதலால் ஒரே மூலத்தைச் சில கிளைகளாகப் பிரித்து வளர்த்து, வேண்டும்போது ஒரு கிளையின் சேவலை மற்றொன்றுக்கு மாற்றுவர். இதற்கு இறக்கையில் எண் வில்லையும், தாய் தந்தை எழுதிய ஏடும் இன்றியமையாதன. கேரளத்து மண்ணுத்தியில் வளர்த்த வெள்ளை லெகார்ன் வழிகளுக்கு ஐ.டபிள்யூ.என்., ஐ.டபிள்யூ.பி. என்று பெயர். சுவையற்ற பெயர்கள்தாம்; ஆனால் அவற்றின் பின்னே பெற்றோர் கணக்கு உண்டு.

பரேலியை அடுத்த இஜத்நகரில் 1979-இல் அமைந்த நடுவண் பறவை ஆராய்ச்சிக் கழகம், அசீல் குருதியைக் கலந்து 'காரி நிர்பீக்' என்னும் கோழியை உருவாக்கிற்று. இத்தகைய கலப்பினம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமாயின், மூல அசீல் கலையாதிருத்தல் வேண்டும். நம் ஊர்ப் பெரியோர் பலர், இஃது இன்னார் வீட்டுப் பெட்டையின் வழி என்பதை நினைவிலேயே வைத்திருந்தனர். எழுதிவைத்தவர் அரியர். அவர்கள் மறைந்தபின் காகம் என்ற பெயர் மட்டுமே எஞ்சும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர், கோழி வளர்க்கும் மாமனோ பெரியப்பாவோ இருப்பின், அருகில் அமர்ந்து கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம்.