~ என்ற சிறு குறியும் உங்கள் வீட்டுக் கோப்புறையும்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊரிலிருந்து கொண்டுவந்த காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மகனின் லினக்ஸ் கணினியில் சேர்த்து வைத்திருந்தது. அவற்றைத் தினமும் பிரதி எடுக்க மகன் சிறு நிரல் ஒன்று எழுதினான். ஒருநாள் பார்த்தால் ~ என்ற பெயரில் ஒரு கோப்புறை புதிதாக முளைத்திருந்தது. இது என்ன குப்பை என்று நினைத்து அதை அழிக்கக் கட்டளை தட்டினான். குப்பை அப்படியே இருந்தது. அழிந்தது அவனுடைய முழுக் கோப்புகளும். நல்லகாலம், தகப்பனின் யுஎஸ்பி குச்சியில் இன்னொரு பிரதி கிடந்தது.

பிள்ளைகள் கணினி படிக்கும் வீடுகளில் இது எங்கும் நடக்கக்கூடியது. அதனால் அந்தக் குறி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி, அதற்குரிய நிரலை ஓடவிடும் இடையாளின் பெயர் ஷெல். (எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறொன்றுதான் ஞாபகம் வரும். இங்கே அதற்கு ஓடு என்று பொருள். இயங்குதளத்தின் கருவைச் சுற்றியிருக்கும் ஓடு.) லினக்ஸில் பெரும்பாலும் பாஷ், 2019 முதல் மக் கணினிகளில் இசட்ஷெல். ஒவ்வொரு பாவனையாளருக்கும் சொந்தமாக ஒரு வீட்டுக் கோப்புறை உண்டு. குமரன் என்பவருக்கு லினக்ஸில் அது வழக்கமாக /ஹோம்/குமரன், மக்கில் /யூசர்ஸ்/குமரன். இந்த நீண்ட பாதைக்குச் சுருக்கம்தான் டில்டா எனப்படும் ~.

முக்கியமான விடயம் இதுதான்: ~ என்றால் வீடு என்பது ஷெல்லுக்கு மட்டுமே தெரியும். இயங்குதளத்தின் கருவுக்கு அது மற்ற எழுத்துகளைப் போல வெறும் ஓர் எழுத்து. நீங்கள் ~/படங்கள் என்று தட்டினால், நிரலிடம் கொடுப்பதற்கு முன்னரே ஷெல் அதை /ஹோம்/குமரன்/படங்கள் என்று மாற்றிவிடும். இதற்காக ஹோம் என்ற சூழல் மாறியின் பெறுமதியை அது எடுக்கிறது. அழிக்கும் நிரலோ பிரதி எடுக்கும் நிரலோ ~ குறியைக் கண்ணாலும் காண்பதில்லை.

ஷெல் இடையில் இல்லாவிட்டால் மாற்றமும் இல்லை. பைதன் நிரலுக்குள் ~/பிரதி என்ற கோப்புறையை உருவாக்கச் சொன்னால், அது நிற்கும் இடத்திலேயே ~ என்ற பெயரில் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் பிரதியை வைக்கும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். பைதனில் இதற்கென்றே எக்ஸ்பாண்ட்யூசர் என்ற செயற்கூறு இருக்கிறது. பாதையை முதலில் அதற்குள் செலுத்த வேண்டும்.

ஷெல்லுக்குள்ளும் பொறிகள் உண்டு. மேற்கோள் குறிக்குள் வைத்த ~ மாறாது. சொல்லின் தொடக்கத்தில் இல்லாமல் நடுவில் வந்தாலும் பொதுவாக மாறாது. ஒரு மாறிக்குள் மேற்கோளோடு "~/படங்கள்" என்று சேமித்துவிட்டு, பிறகு அந்த மாறியைப் பாவித்தாலும் மாறாது. ஏனென்றால் ஷெல் ~ குறிகளை முதலில் விரித்து முடித்த பிறகே மாறிகளை விரிக்கிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. மேற்கோளுக்குள் வீட்டைக் குறிக்க வேண்டுமானால் டொலர் குறியோடு ஹோம் என்று எழுதுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் அது வேலை செய்யும், ஒற்றை மேற்கோளுக்குள் செய்யாது.

ஒரு சாய்கோடும் பெரிய வித்தியாசம். ~/குமரன் என்றால் என் வீட்டுக்குள் இருக்கும் குமரன் என்ற கோப்புறை. ~குமரன் என்றால் குமரன் என்ற பாவனையாளரின் வீடு. பெயரைப் பிழையாக எழுதி, அப்படியொருவர் கணினியில் இல்லாவிட்டால், பாஷ் ஒன்றும் சொல்லாமல் எழுதியதை அப்படியே விட்டுவிடும். இசட்ஷெல் பரவாயில்லை, அப்படி யாரும் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடும்.

இந்தக் குறி ஏன் வீட்டுக்கு வந்தது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் ஒரு பழைய விசைப்பலகை. 1970களில் லியர் சீக்லர் நிறுவனம் தயாரித்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் ஹோம் என்ற சொல்லும் ~ குறியும் ஒரே விசையில் இருந்தன. பெர்க்லியில் பில் ஜாய் அந்த முனையத்தைப் பாவித்தவர். அவர் எழுதிய சி-ஷெல் ~ குறியைப் புரிந்துகொண்டது. 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் வந்த போர்ன் ஷெல்லுக்கு அது தெரியாது. பின்னர் கோர்ன் ஷெல் அதை எடுத்துக்கொண்டது, அதற்குப் பின் பொசிக்ஸ் தரத்திலும் சேர்ந்தது.

சரி, ~ என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைத்துவிட்டால் என்ன செய்வது? முதலில் எதையும் அழிக்காதீர்கள். எம்வி ./~ பழையது என்று தட்டிப் பெயரை மாற்றுங்கள். முன்னால் உள்ள ./ காரணமாகச் சொல் ~ குறியில் தொடங்காது, ஆகவே ஷெல் அதைத் தொடாது. பிறகு உள்ளே பார்த்து, தேவையில்லை என்று தெரிந்தால் அழியுங்கள். ஆபத்தான எந்தக் கட்டளைக்கும் முன்னர், அதன் தொடக்கத்தில் எக்கோ என்ற சொல்லைச் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். ஷெல் எதை எதுவாக மாற்றியது என்று திரையில் தெரியும், ஒன்றும் அழியாது.

விண்டோஸில் பவர்ஷெல் ~ குறியை அறியும். பழைய கட்டளைச் சாளரம் அறியாது, அங்கே யூசர்புரொஃபைல் என்ற மாறிதான்.

கடைசியாக, பலர் என்னிடம் கேட்பது: இந்தக் குறி விசைப்பலகையில் எங்கே? விண்டோஸ் கணினியில், ஜேர்மனியில் ஆல்ட்-ஜிஆரோடு + விசை. பிரான்சில் ஆல்ட்-ஜிஆரோடு 2, பிறகு இடைவெளி விசை. சுவிஸில் ஆல்ட்-ஜிஆரோடு ^ விசை, நோர்வேயில் ¨ விசை. இரண்டிலும் பிறகு இடைவெளி. இங்கிலாந்தில் என்டருக்குப் பக்கத்திலுள்ள # விசையோடு ஷிஃப்ட். அமெரிக்க விசைப்பலகையில் 1க்கு இடப்பக்க விசையோடு ஷிஃப்ட். ஜேர்மன் மக்கில் ஒப்ஷனோடு என், பிறகு இடைவெளி.