தேங்காய்த் தண்ணீரிலிருந்து செல்லுலோஸ்: பாக்டீரியா நொதித்தல் முறையும் பயன்களும்

காகிதத்துக்கும் பருத்தித் துணிக்கும் அடிப்படைப் பொருளான செல்லுலோஸை, மரமோ பருத்தியோ இன்றி பாக்டீரியாக்களின் மூலம் நொதித்தல் முறையிலும் தயாரிக்க முடியும். தேங்காய் பதப்படுத்தும் ஆலைகள் கழிவாக வெளியேற்றும் தண்ணீரை இதற்கு மூலப்பொருளாகப் பயன்படுத்தலாம் என்பதால், தென்னை சாகுபடியில் முன்னணியில் உள்ள இந்தியாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் முக்கியத்துவம் வாய்ந்ததாகக் கருதப்படுகிறது.

வினிகரில் கண்டறியப்பட்டது

வினிகர் தயாரிக்கும் கலன்களில் திரவத்தின் மேற்பரப்பில் வழவழப்பான கெட்டி ஆடை படிவது நீண்டகாலமாக அறியப்பட்டிருந்தது. இந்த ஆடை செல்லுலோஸால் ஆனது என்பதையும், அதை உருவாக்குவது ஒரு பாக்டீரியா என்பதையும் பிரிட்டன் வேதியியலாளர் அட்ரியன் ஜான் பிரவுன் 1886-இல் வெளியிட்டார். நெடுங்காலம் 'அசிட்டோபாக்டர் சைலினம்' என்று அழைக்கப்பட்ட இந்த நுண்ணுயிரி, தற்போது 'கோமகட்டாய்பாக்டர் சைலினஸ்' என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. 'கொம்புச்சா' எனப்படும் புளித்த தேநீரின் மேல் மிதக்கும் தடித்த படலத்தை உருவாக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களே.

உருவாகும் விதம்

இந்த பாக்டீரியா சர்க்கரையை உட்கொண்டு, அதிலுள்ள குளுக்கோஸ் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாக இணைத்து, தனது உடலின் பக்கவாட்டில் வரிசையாக அமைந்துள்ள நுண்துளைகள் வழியாக வெளியேற்றுகிறது. இந்தச் சங்கிலிகள் ஒன்றுசேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம் கொண்ட இழைகளாகின்றன. கோடிக்கணக்கான இழைகள் பின்னி வலையாகும்போது ஜெல் போன்ற படலம் கிடைக்கிறது. இதன் எடையில் சுமார் 99 சதவீதம் தண்ணீர் ஆகும்.

உயிர்வாழ ஆக்சிஜன் தேவை என்பதால், இந்த பாக்டீரியா திரவமும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பிலேயே படலத்தை உருவாக்குகிறது. ஆய்வகங்களில் இதை வளர்ப்பதற்கு, ஹெஸ்ட்ரின், ஷ்ராம் ஆகிய ஆய்வாளர்கள் 1954-இல் வெளியிட்ட வளர்ப்பு ஊடகம் இன்றும் பயன்படுத்தப்படுகிறது. அதில் 2 சதவீத குளுக்கோஸுடன் பெப்டோன், ஈஸ்ட் சாறு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஏற்ற வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஆகும். படலம் போதிய தடிமனை எட்டியதும், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, பாக்டீரியாக்கள் அகற்றப்பட்டு, நன்கு கழுவப்படுகிறது.

மரக்கூழுடன் ஒப்பீடு

மரத்தில் செல்லுலோஸுடன் லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் ஆகியவையும் கலந்துள்ளன. அவற்றைப் பிரிக்க, மரத்தை ரசாயனங்களுடன் அதிக வெப்பத்தில் வேகவைக்க வேண்டியுள்ளது. பாக்டீரியா செல்லுலோஸில் இவை இல்லாததால் சுத்திகரிப்பு எளிதாகிறது. இழைகள் மிக நுண்ணியவையாக இருப்பதால், ஈரத்திலும் இது உறுதியாக இருப்பதுடன் அதிக அளவில் தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. வளர்க்கப்படும் தட்டின் வடிவத்திலேயே படலம் கிடைப்பது கூடுதல் வசதியாகும்.

உணவில் தொடங்கிய வணிகம்

வணிக அளவில் இதன் மிகப் பரவலான வடிவம், பிலிப்பைன்ஸ் நாட்டின் 'நாட்டா டி கோகோ' எனப்படும் இனிப்பு ஜெல் துண்டுகளாகும். அங்கு அன்னாசிப் பழச்சாற்றிலிருந்து செய்யப்பட்டுவந்த 'நாட்டா டி பினா'வுக்கு மாற்றாக, தேங்காய்த் தண்ணீரில் இதைத் தயாரிக்கும் முறையை அந்நாட்டு வேதியியலாளர் தியோடுலா கலாவ் ஆப்ரிகா 1949-இல் உருவாக்கினார். தேங்காய்த் தண்ணீருடன் சர்க்கரையும் அசிட்டிக் அமிலமும் கலந்து, முந்தைய வளர்ப்பிலிருந்து எடுத்த திரவத்தைச் சேர்த்து, அசைக்காமல் தட்டுகளில் மூடிவைத்தால், சுமார் இரண்டு வாரங்களில் வெண்ணிறப் படலம் உருவாகிறது. அது துண்டுகளாக வெட்டப்பட்டு, புளிப்பு நீங்கக் கழுவி, வேகவைக்கப்பட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைக்கப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் இதற்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது.

மருத்துவம் முதல் ஒலிக்கருவி வரை

தீக்காயம், ஆறாத புண் ஆகியவற்றுக்கான காயக்கட்டாக இந்தப் படலம் பயன்படுகிறது. இது காயத்தை ஈரமாக வைத்திருப்பதோடு, புதிதாக வளரும் தோலில் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து வருவதால், கட்டு மாற்றும்போது நோயாளிக்கு வலி குறைகிறது. இதற்கு இயல்பாகக் கிருமிகளைக் கொல்லும் திறன் இல்லாததால், வெள்ளி நுண்துகள் போன்றவற்றைச் சேர்க்கும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன. ஜெர்மனியின் யெனா நகர ஆய்வாளர்கள், குழாய் வடிவில் இதை வளர்த்துச் செயற்கை ரத்தநாளமாகப் பயன்படுத்துவது குறித்து ஆராய்ந்தனர். மனித உடலில் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி இல்லாததால், உடலுக்குள் பொருத்தினால் இது கரைவதில்லை. நிரந்தரப் பொருத்தலுக்கு இது சாதகமாகும். தானாகக் கரைய வேண்டிய இடங்களுக்குப் பாதகமாகும்.

உலர்ந்த படலம் எடை குறைந்ததாகவும் விறைப்பாகவும் இருப்பதால், ஜப்பானின் சோனி நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எம்டிஆர்-ஆர்10 ஹெட்போனின் அதிர்வுத் தகட்டில் இதைப் பயன்படுத்தியது.

இந்தியாவில் வாய்ப்பு

இந்தியாவின் தேங்காய் உற்பத்தியில் பெரும்பகுதி கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் இருந்து கிடைக்கிறது. கொப்பரைக் களங்களிலும் உலர் தேங்காய்த் துருவல் ஆலைகளிலும் முற்றிய தேங்காய் உடைக்கப்படும்போது வெளியேறும் தண்ணீர், இளநீரைப் போல விலைபோவதில்லை. சர்க்கரைச் சத்து கொண்ட இந்தத் தண்ணீர் விரைவில் புளித்துவிடும். அப்படியே வெளியேற்றினால் மண்ணையும் நீர்நிலைகளையும் மாசுபடுத்தும். இதையே பாக்டீரியாவுக்கு உணவாக்கினால், கழிவைச் சுத்திகரிக்கும் செலவு குறைவதோடு விற்பனைக்குரிய பொருளும் கிடைக்கும்.

கேரளத்தில் இயங்கும் 'மலாய்' நிறுவனம், தேங்காய்த் தண்ணீரில் வளர்த்த செல்லுலோஸை இயற்கை நார்களுடன் சேர்த்து, தோலுக்கு மாற்றான பொருளைத் தயாரித்துள்ளது.

சவால்கள்

விலையே முதன்மையான தடையாகும். ஒரு லிட்டர் ஊடகத்திலிருந்து பொதுவாகச் சில கிராம் உலர் செல்லுலோஸ் மட்டுமே கிடைக்கிறது. படலத்தில் 99 சதவீதம் தண்ணீர் என்பதால், 100 கிலோ ஈரப் படலத்தை உலர்த்தினால் சுமார் ஒரு கிலோவே மிஞ்சும். மேற்பரப்பில் மட்டுமே வளர்வதால் ஏராளமான தட்டுகளும் இடமும் ஆட்களும் தேவைப்படுகின்றனர். பெரிய கலன்களில் கலக்கி வளர்த்தால் படலத்துக்குப் பதிலாகச் சிறு உருண்டைகளே உருவாகின்றன. செல்லுலோஸ் தயாரிக்கும் திறனை இழந்த பாக்டீரியாக்களும் பெருகிவிடுகின்றன. குளுக்கோஸின் ஒரு பகுதி குளுக்கோனிக் அமிலமாக மாறுவதும் விளைச்சலைக் குறைக்கிறது.

தோலுக்கு மாற்றாகப் பயன்படுத்தும்போது, நீரை ஈர்க்கும் தன்மையைக் கட்டுப்படுத்த மேற்பூச்சு தேவைப்படுகிறது. மேலும், தேங்காய் உடைத்த சில மணி நேரத்தில் தண்ணீரைச் சேகரித்துக் கொதிக்கவைக்காவிட்டால் பிற கிருமிகளும் பூஞ்சைகளும் வளர்ந்துவிடும். எனவே, ஆலைகளுக்கு அருகிலேயே உற்பத்திக்கூடம் அமைவது இத்தொழிலுக்கு அவசியமாகிறது.

சாதாரணக் காகிதத்துக்கு மாற்றாக மரக்கூழின் விலையுடன் போட்டியிடுவது கடினம் என்பதால், உணவு, காயக்கட்டு, தோல் மாற்றுப்பொருள் போன்ற மதிப்புக்கூட்டிய பொருள்களே தற்போது இதற்கு ஏற்ற சந்தையாக உள்ளன.