கோடுகள் காத்த குடும்பக் கதை

கடல் கடந்து குடியேறியோரை அரசு ஆவணங்கள் எண்ணிக்கையாகவே அறியும். அவர்தம் வாழ்வைச் சித்திரத்தில் சொல்லும் முயற்சி நெடிய வரலாறுடையது. 1904இல் சான்பிரான்சிஸ்கோ சென்ற ஜப்பானிய ஓவியர் ஹென்றி கியாமா, தம்மையொத்த நான்கு இளைஞரின் கதையை வரைந்து 1931இலேயே நூலாக்கினார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும் அதில் எளியோரின் அன்றாட அனுபவங்களாயின.

இவ்வகை எழுத்துக்கு இலக்கிய மதிப்பைத் தேடித் தந்தது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்பிழைத்து, 1951இல் அமெரிக்காவில் குடியேறிய போலந்து யூதத் தம்பதியரின் மகன் அவர். தந்தையின் நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்து, யூதரை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்தார். இரு பாகங்கள் 1986இலும் 1991இலும் வெளிவந்தன. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிட்டியது.

அந்நூலின் ஆறாத துயரம் ஒன்றுண்டு. 1968இல் தற்கொலை செய்துகொண்ட தாயின் நாட்குறிப்புகளைத் தந்தையே எரித்துவிட்டார். அத்தாய் கண்ட ஆஷ்விட்ஸை அவர் சொல்லால் அறியும் வழி அடைபட்டது. மகன் அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. தந்தையின் ஒப்புதலையும் தம் சினத்தையுமே வரைந்து வைத்தார்.

1978இல் வியட்நாமிலிருந்து படகேறிய குடும்பத்தின் மகள் தி புயீ, 2017இல் வெளியிட்ட சித்திர நினைவுநூலைத் தம் மகப்பேற்றில் தொடங்கி, பெற்றோரின் இளமைவரை பின்னோக்கிச் செல்கிறார். அவர் கேட்டபோது விடை சொல்லப் பெற்றோர் இருவரும் இருந்தனர். ஸ்பீகல்மனுக்கு அப்பேறு பாதியே வாய்த்தது. முதியோர் வாழும்போதே கேட்டறிய வேண்டியதன் அருமையை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.